உடல்நல விசாரணையும் உழைப்பாளியின் விடையும்

கூட்டுறவு இயக்கத்தின் அடிப்படை மிக எளியது. தனி ஒருவரிடம் உள்ள சிறு தொகையால் ஆகாத காரியம், பலருடைய சிறு தொகைகள் ஒன்று சேரும்போது ஆகிவிடுகிறது. பணத்திற்குப் பொருந்தும் இந்த உண்மை அறிவிற்கும் பொருந்தும். வயலில் மருந்து தெளித்த அன்று இரவு தமக்குத் தலை சுற்றியதை ஒரு குடியானவர் அறிவார். விடுமுறை கழிந்து வேலைக்குச் சென்ற அன்று நெஞ்சு இறுகுவதை ஓர் ஆலைத் தொழிலாளி அறிவார். ஆனால் அது தமக்கு மட்டும் நேர்ந்ததா, பிறருக்கும் நேர்கிறதா, தொழிலால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்பதைத் தனி ஒருவராக நின்று அவரால் அறிய முடியாது. ஆயிரம் பேர் ஒரே கேள்விக்கு உண்மையான விடை சொன்னால் அது விளங்கிவிடும்.

இத்தகைய விடைகளைத் திரட்டுவதற்காக மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் ஆராய்ச்சி நிலையங்களிலிருந்தும் கிராமங்களுக்கு ஆட்கள் வருவதுண்டு. வினாத்தாளை நீட்டி, வயது என்ன, தொழில் என்ன, எத்தனை ஆண்டு, என்ன மருந்து, என்ன சாயம், இருமல் உண்டா, மூச்சிரைப்பு உண்டா என்று கேட்கிறார்கள். வினாத்தாளைக் கண்டவுடன் நம்மவரிடையே இரண்டு எண்ணங்கள் எழுவது இயல்பு. நோய் உண்டென்று சொன்னால் வேலை போய்விடுமோ, கடன் நின்றுவிடுமோ என்பது ஒன்று. நோயைச் சற்றுக் கூட்டிச் சொன்னால் உதவித்தொகை ஏதேனும் வருமோ என்பது மற்றொன்று. அச்சம் உள்ளவர் மறைக்கிறார். ஆசை உள்ளவர் மிகைப்படுத்துகிறார். இரண்டினாலும் கெடுவது ஆராய்ச்சி மட்டுமன்று. அதே தொழிலில் இருக்கும் மற்றவர்களுடைய உடல்நலமும் அடுத்த தலைமுறையினருடைய உடல்நலமுமே. இது எவ்வாறு என்பதை, நம் தொழில்களாகிய பஞ்சையும் பயிரையும் சார்ந்த சில வரலாறுகளைக் கொண்டு விளக்க விரும்புகிறோம்.

பஞ்சுத் தூசியும் திங்கட்கிழமையும்

இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியிடம் மருத்துவர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு, அவர் என்ன தொழில் செய்கிறார் என்பதையும் கேட்க வேண்டும் என்று அதில் வற்புறுத்தினார். இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் தொழிலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பலவும் இந்த ஒரு கேள்வியிலிருந்தே வெளிப்பட்டன.

இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதி பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள மாஞ்செஸ்டர் நகரில் ஜேம்ஸ் பிலிப்ஸ் கே என்னும் மருத்துவர், நூற்பு வேலை செய்வோருக்கு வரும் ஒருவகை நெஞ்சு நோயைப் பற்றி 1831ஆம் ஆண்டிலேயே எழுதினார். பிஸினோசிஸ் என்று பின்னர் பெயர் பெற்ற இந்நோய், பஞ்சைச் சுத்தம் செய்து வாரும் கார்டிங் பகுதியில் வேலை செய்வோரையே மிகுதியாகப் பற்றியது. இதில் ஒரு சங்கடம் இருந்தது. எக்ஸ்ரே படத்தில் இந்நோய்க்கென்று தனி அடையாளம் எதுவும் தோன்றுவதில்லை. முற்றிய நிலையில் பார்த்தால் சாதாரண மார்ச்சளி நோய்க்கும் இதற்கும் வேறுபாடு காண்பது கடினம். ஆகவே, 'இது ஆலையால் வந்த நோயன்று. புகையாலும் குளிராலும் வந்தது' என்று கூறிவிடுவது எளிதாயிருந்தது.

வேறுபாட்டைக் காட்டியது தொழிலாளியின் வாய்ச்சொல்லே. மாஞ்செஸ்டர் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டாக்டர் ரிச்சர்டு ஷில்லிங் 1950களில் கார்டிங் தொழிலாளரை விசாரித்தார். திங்கட்கிழமைகளில் நெஞ்சு இறுகுகிறதா, மூச்சு முட்டுகிறதா, பிற நாட்களிலும் அவ்வாறு உண்டா என்பன அவருடைய கேள்விகள். வார விடுமுறையில் தூசியைவிட்டு விலகியிருந்து, மீண்டும் வேலைக்குச் செல்லும் முதல் நாளில் நெஞ்சு இறுகுவதே இந்நோயின் தொடக்க அடையாளம். குளிரோ புகையோ திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுத்து வருவதில்லை அல்லவா? எப்போதாவது திங்களன்று இறுக்கம், திங்கள்தோறும் இறுக்கம், மற்ற நாட்களிலும் இறுக்கம், நிலையான மூச்சுக் குறைவு என்று நோயைப் படிப்படியாக வகுக்க அவ்விடைகளே உதவின. ஆலையின் காற்றில் எவ்வளவு தூசி உள்ளது என்பதையும் அளந்து விடைகளோடு ஒப்பிட்டபோது, தூசி மிகுந்த இடத்தில் நோயும் மிகுந்திருப்பது தெரிந்தது.

கேள்வி கேட்பவரும் தம் விருப்பம்போல் கேட்டுவிடலாகாது. பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1960ஆம் ஆண்டில் மூச்சு நோய்களுக்கான பொது வினாத்தாள் ஒன்றை வெளியிட்டது. கேள்வியை அச்சில் உள்ளபடியே படிக்க வேண்டும் என்பது அதன் விதி. சிறு விளக்கம் கொடுத்த பிறகும் விடையில் ஐயம் இருந்தால், 'இல்லை' என்றே குறிக்க வேண்டும் என்பது மற்றொரு விதி. கேட்பவரின் சாய்வு விடையில் புகாதிருப்பதற்காகவே இவ்வளவு கட்டுப்பாடு. 'உங்களுக்கு இருமல் இருக்கிறது, அல்லவா?' என்று கேட்பதும், 'இருமல் எல்லாம் ஒன்றும் இல்லையே?' என்று கேட்பதும் நேர்மையான விசாரணை ஆகா.

இவ்விடைகளின் பயன் எங்கே சென்று நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1978ஆம் ஆண்டில் பஞ்சுத் தூசிக்குச் சட்டப்படி வரம்பு கட்டினார்கள். ஒரு கன மீட்டர் காற்றில் நூல் உற்பத்திப் பகுதிக்கு 200 மைக்ரோகிராம் என்றும், கஞ்சி போடும் பகுதிக்கும் நெசவுப் பகுதிக்கும் 750 மைக்ரோகிராம் என்றும் வரம்பு விதிக்கப்பட்டது. தொழிலாளரிடம் ஒரு குறிப்பிட்ட வினாத்தாளின்படி மூச்சைப் பற்றிக் கேட்க வேண்டும் என்பதும், வாரத்தின் முதல் வேலை நாளில் வேலைக்கு முன்பும் வேலைக்கிடையிலும் மூச்சின் அளவைச் சோதிக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் சேர்ந்தன. ஆலை முதலாளிகள் தொடுத்த வழக்கில், 1981ஆம் ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் இந்த வரம்பை உறுதிப்படுத்தியது. 'திங்கட்கிழமை நெஞ்சு இறுகுகிறது' என்று பெயர் தெரியாத தொழிலாளர்கள் சொன்ன விடை, கால் நூற்றாண்டில் ஒரு நாட்டின் சட்டத்தில் இடம் பெற்றது. அன்று அவர்கள் வேலைக்கு அஞ்சி 'ஒன்றுமில்லை' என்று சொல்லியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்குமா?

ஐயோவா விவசாயிகளின் விடைகள்

இனிப் பயிர்த்தொழிலுக்கு வருவோம். அமெரிக்காவில் ஐயோவா, வட கரோலினா என்னும் இரு மாநிலங்களில் 'விவசாயிகள் உடல்நல ஆய்வு' ஒன்று 1993ஆம் ஆண்டில் தொடங்கியது. அங்கே கடுமையான பூச்சிமருந்துகளைத் தெளிக்க உரிமம் வேண்டும். உரிமத்திற்காக வந்த இடத்திலேயே விவசாயிகளிடம் வினாத்தாள் கொடுத்து, விருப்பமுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். 1997ஆம் ஆண்டிற்குள் 52,000க்கு மேற்பட்ட விவசாயிகளும், அவர்களுடைய வாழ்க்கைத் துணைவர் 32,000க்கு மேற்பட்டோரும், மருந்து தெளிப்பதையே தொழிலாகக் கொண்ட ஏறத்தாழ 5,000 பேரும் சேர்ந்தனர். மொத்தம் 89,000க்கு மேல்.

இந்த வினாத்தாளில் 'பூச்சிமருந்து அடித்ததுண்டா?' என்று பொதுப்படையாகக் கேட்டு நிறுத்தவில்லை. 50 மருந்துகளின் பெயர்களைக் குறிப்பிட்டுக் கேட்டார்கள். எத்தனை ஆண்டு, ஆண்டிற்கு எத்தனை நாள், எந்தக் கருவியால் தெளித்தீர், கலக்கியது யார், கையுறை அணிந்தீரா என்றெல்லாம் விவரம் கேட்டார்கள். துணைவியருக்குத் தனி வினாத்தாள் கொடுத்தார்கள். நம் நாட்டில் குடும்பத் தலைவர் ஒருவரே வீட்டிலுள்ள அனைவருக்கும் சேர்த்து விடை சொல்லிவிடுவது வழக்கமாயிருக்கிறது. தார் சுற்றுவதும் சாயநூல் உலர்த்துவதும் மருந்து பட்ட துணியைத் துவைப்பதும் பெண்களாயிருக்க, அவர்களுக்குத் தலைவலி உண்டா இல்லையா என்பதைக் கணவர் எவ்வாறு அறிவார்? அவரவர் விடையை அவரவரே சொல்ல வேண்டும்.

இந்த ஆய்வின் பெரிய சிறப்பு, நோய் வருவதற்கு முன்பே கேட்டு வைத்தது. நோய் வந்த பின்னர் கேட்டால், நோயாளி தம் துன்பத்திற்குக் காரணம் தேடி, நடந்ததையும் நடவாததையும் நினைவிற்குக் கொண்டுவருவார். நோயில்லாதவரோ பாதியை மறந்திருப்பார். ஆகவே முதலில் விடைகளைப் பதிந்து வைத்து, பின்னர் ஆண்டுக்கணக்கில் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் விசாரித்தார்கள்.

மனிதர் சொல்லும் விடையை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வி எழும். இதையும் அவர்கள் சோதித்தார்கள். ஐயோவாவில் ஏறத்தாழ 4,000 பேர் ஓராண்டு இடைவெளியில் அதே வினாத்தாளை இருமுறை நிரப்பினர். குறிப்பிட்ட ஒரு மருந்தைப் பயன்படுத்தியதுண்டா என்னும் கேள்விக்கு 100க்கு 70 முதல் 90க்கு மேற்பட்டோர் வரை இருமுறையும் ஒரே விடை சொன்னார்கள். ஆனால் எத்தனை ஆண்டு, ஆண்டிற்கு எத்தனை நாள் என்னும் கேள்விகளுக்கு 100க்கு 50 முதல் 60 பேரின் விடைகளே ஒத்திருந்தன. பெயர் நினைவிலிருக்கிறது, கணக்கு நழுவிவிடுகிறது. சங்கங்களின் பதிவேடுகளைப் பார்வையிடும் பணியில் உள்ள நமக்கு இது வியப்பாக இல்லை. அன்றன்று எழுதிய இருப்புக் கணக்கையும், ஆண்டிறுதியில் ஒரே மூச்சில் எழுதிய இருப்புக் கணக்கையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்தறிய முடியும்.

கையுறை சொன்ன செய்தி

அவ்விடைகளிலிருந்து வெளிவந்த ஒரு முடிவை மட்டும் இங்கே கூறுவோம். கைநடுக்கமும் உடல் விறைப்பும் தரும் பார்க்கின்சன் நோயைப் பற்றி இந்த ஆய்வில் சேர்ந்தவர்களிடையே ஒரு தனி விசாரணை நடந்தது. நோயுற்ற 110 பேரையும் நோயில்லாத 358 பேரையும் ஒப்பிட்டு, 2011ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். பாராகுவாட் என்னும் களைக்கொல்லியையோ ரோட்டினோன் என்னும் பூச்சிக்கொல்லியையோ பயன்படுத்தியவர்களிடம் இந்நோய் ஏறத்தாழ இரண்டரை மடங்கு காணப்பட்டது. இவற்றுள் ரோட்டினோன் சில செடிகளின் வேரிலிருந்து எடுக்கப்படுவது. செடியிலிருந்து வந்தது எதுவும் தீங்கு செய்யாது என்று நம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டரை மடங்கு என்றதும் அஞ்சிவிடக்கூடாது. பயன்படுத்திய ஒவ்வொருவருக்கும் நோய் வரும் என்பது இதன் பொருளன்று. ஒரு கூட்டத்தை மற்றொரு கூட்டத்தோடு ஒப்பிட்ட கணக்கு இது. தொடர்பு இருக்கிறது என்று காட்டுவது வேறு. இன்னாருக்கு இதனால்தான் வந்தது என்று தீர்ப்பது வேறு. இதே ஆய்விலிருந்து 2015ஆம் ஆண்டில் மற்றொரு செய்தியும் வந்தது. மருந்தைக் கையாளும்போது பாதிக்கு மேற்பட்ட சமயங்களில் கையுறை அணிந்தவர்களிடம், பாராகுவாட்டிற்கும் நோய்க்கும் இடையே அந்தத் தொடர்பு காணப்படவில்லை. பெர்மெத்ரின் என்னும் மருந்திலும் அவ்வாறே. 'கையுறை அணிந்தீரா?' என்னும் சிறு கேள்விக்கு விவசாயிகள் உள்ளபடி விடை சொன்னதால் கிடைத்த பாடம் இது. அணியாதவர்களும் வெட்கத்தால் 'அணிந்தேன்' என்று எழுதியிருந்தால், கையுறையால் பயனில்லை என்ற தவறான முடிவே கிடைத்திருக்கும்.

நோயில்லாதவரின் விடை

'எனக்குத்தான் ஒன்றுமில்லையே, என்னை ஏன் கேட்கிறீர்கள்?' என்று சிலர் விலகிவிடுவதுண்டு. இது சரியன்று. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்தில் காசர்கோடு மாவட்டத்தின் முந்திரித் தோட்டங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக எண்டோசல்பான் மருந்து வானிலிருந்து தெளிக்கப்பட்டது. அகமதாபாதிலுள்ள தேசியத் தொழில்சார் சுகாதார நிலையத்தார் அங்கே சென்று, மருந்து விழுந்த கிராமத்துப் பள்ளிச் சிறுவர் 117 பேரையும், மருந்து தெளிக்கப்படாத வேறொரு கிராமத்துச் சிறுவர் 90 பேரையும் பரிசோதித்தனர். மருந்து விழுந்த கிராமத்தில் சிறுவர்களின் பருவ வளர்ச்சி தாமதப்பட்டிருக்கலாம் என்ற முடிவை 2003ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அந்த 90 சிறுவர்களும் ஒத்துழைக்காதிருந்தால், தாமதம் என்று எதை வைத்துச் சொல்வது? எடைபோட இரண்டு தட்டும் வேண்டும். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது.

கேட்பவரின் கடமை

இவ்வளவும் கூறியதால், வருகிறவர் யாராயினும் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நாம் கூறுவதாகக் கருதலாகாது. விடை அளிப்பது தன்விருப்பத்தால் செய்யும் உதவி. அதற்கு உரிமைகள் உண்டு. 1964ஆம் ஆண்டின் ஹெல்சிங்கி பிரகடனமும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளும் இவற்றை வகுத்துக் கூறுகின்றன. ஆராய்ச்சி எதற்காக என்பதை நமக்குப் புரியும் மொழியில் முதலில் சொல்ல வேண்டும். மறுக்கவும், இடையில் விலகவும் நமக்கு உரிமை உண்டு. விலகினால் எந்த நன்மையும் நிறுத்தப்படலாகாது. நம் பெயரும் நோயும் பிறரறிய வெளியிடப்படலாகாது. ஆராய்ச்சியை ஒரு நெறிமுறைக் குழு முன்கூட்டியே ஆராய்ந்து அனுமதித்திருக்க வேண்டும்.

நிர்வாகக் குழுவினர் மனத்திற் கொள்ள வேண்டிய விதி ஒன்றும் அந்நெறிமுறைகளில் உண்டு. ஊர்ப் பெரியவரோ தலைவரோ அளிக்கும் சம்மதம், தனி மனிதரின் சம்மதத்திற்கு ஈடாகாது. சங்கத் தலைவர் கையெழுத்திட்டுவிட்டார் என்பதற்காக 300 அங்கத்தினரும் சம்மதித்ததாகிவிடாது. நூல் வாங்க வரும் நாளில், கூலி பட்டுவாடா செய்யும் மேசைக்கருகில் வினாத்தாளை வைத்தால், 'வேண்டாம்' என்று சொல்ல எந்த ஏழை நெசவாளருக்குத் துணிவு வரும்? விசாரணைக்கு இடம் கொடுக்கலாம், நாற்காலி போடலாம், ஆனால் சங்க ஊழியர் அருகில் நின்று கேட்கலாகாது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஆராய்ச்சிக்கு அனுமதி கேட்டு வருபவரிடம் நிர்வாகக் குழு மூன்று செய்திகளை எழுத்தில் பெற வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி ஒன்று. விடைகளை யார், எவ்வளவு காலம் வைத்திருப்பார் என்பது மற்றொன்று. முடிவைத் தமிழில் சங்கத்திற்கு எப்போது தெரிவிப்பார் என்பது மூன்றாவது. விடை வாங்கிக்கொண்டு சென்றவர் திரும்பிப் பாராதிருந்தால், அடுத்து வருபவருக்கு உண்மையான விடை கிடைக்காது. விவரம் சொல்லாமல் பங்குத் தொகை வாங்கும் சங்கத்தில் யார் மீண்டும் பங்கு சேருவார்?

இரண்டாவதாக, அங்கத்தினர் ஒவ்வொருவரும் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வது நன்று. குடியானவர் மருந்து தெளித்த தேதி, மருந்தின் பெயர், அளவு, பயிர், தெளித்த நேரம், கையுறை அணிந்தாரா என்பது, அன்றும் மறுநாளும் உடம்பு இருந்த நிலை ஆகியவற்றை இரண்டே வரியில் எழுதலாம். மருந்து டப்பாவின் சீட்டிலுள்ள முக்கோணம் சிவப்பா, மஞ்சளா, நீலமா, பச்சையா என்பதையும் குறிக்கலாம். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, பச்சை அவற்றுள் குறைந்தது. நெசவாளர் சாயம் தோய்த்த நாள், சாயத்தின் பெயர், கஞ்சி போட்ட நாள், தறியில் அமர்ந்த நேரம், இருமல், கண்ணெரிச்சல், இடுப்புவலி ஆகியவற்றை எழுதலாம். விசாரணைக்கு யாரும் வராவிடினும், ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் காட்ட இது பயன்படும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம்.

மூன்றாவதாக, உண்மையைச் சொன்னதற்காக எந்த அங்கத்தினருக்கும் கடனோ, நூலோ, வேலையோ குறையாது என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி, அதைப் பொதுக்குழுவில் படிக்க வேண்டும். அச்சம் நீங்கினாலன்றி உண்மை வெளிவராது. லங்காஷயர் தொழிலாளருக்கும் வேலை பெரிதாகவே இருந்தது. ஐயோவா விவசாயிக்கும் தாம் வாங்கிய மருந்தில் பணம் முடங்கியே இருந்தது. ஆயினும் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னார்கள். அதன் பலனை அவர்களைக் காணாத நாமும் இன்று அனுபவிக்கிறோம்.

பங்குத் தொகையில் கள்ளக் காசு கலந்தால் நட்டம் சங்கம் முழுவதற்கும் உண்டு. விடையிலும் அவ்வாறே. சொல்ல விருப்பமில்லையேல் 'சொல்ல இயலாது' என்று மறுப்பது கௌரவமான செயல். சொல்வதென்று முடிவு செய்த பின்னர், கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வதே கூட்டுறவாளருக்கு அழகு. அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்த்து விவாதிக்குமாறு எல்லாச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறோம்.